பூட்டு அக்கா எழுதிய குறிப்பு

குடும்பத்தில் அவளுக்குப் பூட்டு என்று பெயர். வைத்தவன் சொந்தத் தம்பிதான். பெரியப்பா வீட்டுக் கல்யாணத்தில் சாப்பிட உட்கார்ந்திருந்தபோது பக்கத்து இருக்கைக்கு ஒரு மாமா வந்து சேர்ந்தார். மகனுக்கு இன்ஜினியரிங் இடம் தேடி அலைந்துகொண்டிருந்த நேரம் அவருக்கு. தட்டில் கை வைப்பதற்குள் ஆரம்பித்துவிட்டார்.

"நீ அந்த ஆபீஸ்லதானேம்மா இருக்கே. எந்தக் காலேஜ் நல்லா இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லேன்."

"அதை நான் சொல்லக்கூடாது மாமா."

"சரி, நல்லதைச் சொல்ல வேண்டாம். எது மோசம்னாவது சொல்லு."

"அதையும் சொல்லக்கூடாது மாமா."

எதிர் வரிசையில் இருந்த தம்பி சத்தமாகச் சிரித்தான். "பூட்டுக்கிட்ட போய்ப் பேச்சுக் குடுக்குறீங்களே மாமா! கதவைக் கேட்டாலாவது கிறீச்சுன்னு ஒரு சத்தம் வரும்."

பந்தியே சிரித்தது. அவளும் சிரித்தாள். அந்தக் கல்யாணத்து மாப்பிள்ளைக்கு இப்போது முழு வழுக்கை, ஆனால் இந்தப் பெயர் மட்டும் உதிரவில்லை. சின்னப் பிள்ளைகளுக்கு அவள் பூட்டு அத்தை, பூட்டுப் பெரியம்மா. நாமும் பூட்டு அக்கா என்றே சொல்லுவோம். கோபித்துக்கொள்ள மாட்டாள்.

அவள் வேலை பார்ப்பது தொழில்நுட்பக் கல்லூரிகளின் தரத்தைக் கண்காணிக்கும் ஆணையத்தில், சட்டப் பிரிவில். இருபத்தெட்டு வருஷமாக அதே பிரிவு. மேசை மட்டும் மூன்று முறை மாறியது. இப்போதைய மேசை நாலாம் மாடியில் ஜன்னல் ஓரம். ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டிடத்தின் தண்ணீர்க் குழாய்கள் தெரியும். வேறு எதுவும் தெரியாது.

ஆணையம் என்றாலே வெளியில் இருப்பவர்களுக்கு ஏதோ சிங்கம் புலி என்று நினைப்பு. நினைத்தால் ஒரு கல்லூரியை ராத்திரியோடு ராத்திரியாக மூடிவிடுவார்களாம். இதைக் கேட்டாலே அக்காவுக்கு எரிச்சல் வரும். சட்டத்தைத் திறந்து பார்த்தவர்களுக்கல்லவா தெரியும்! ஆணையத்தின் குழு சொல்லாமல் கொள்ளாமல் எந்தக் கல்லூரிக்குள்ளும் நுழையலாம். எந்த அலமாரியையும் திறக்கச் சொல்லலாம், எந்தப் பதிவேட்டையும் கேட்கலாம். ஆனால் யாரையும் கைது செய்ய முடியாது, வாசல் கேட்டைக்கூட இழுத்து மூட முடியாது. குறை கண்டால் கடிதம்தான் எழுத முடியும்: ‘தங்கள் மீது ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது என்பதற்கு விளக்கம் அளிக்கவும்.’ பதில் எழுத இருபத்தொரு நாள் கொடுக்க வேண்டும். பதில் வந்ததும் நேரில் கூப்பிட்டு உட்காரவைத்துக் கேட்க வேண்டும். அதற்கப்புறம்தான் உத்தரவு. இடங்களைக் குறைக்கலாம், புதுச் சேர்க்கையை நிறுத்தலாம், ரொம்ப மிஞ்சினால் அனுமதியையே திரும்பப் பெறலாம். இதில் ஒரு படி தவறினாலும் கல்லூரிக்காரர்கள் நீதிமன்றம் போய்ச் சிரித்துக்கொண்டே திரும்பி வருவார்கள். அந்தப் படி தவறாமல் பார்த்துக்கொள்வதுதான் அக்காவின் வேலை.

உத்தரவு வெளியாகும்வரை விசாரணையைப் பற்றி வெளியில் மூச்சுவிடக் கூடாது என்பதும் அந்தச் சட்டத்தில் உண்டு. அக்கா அதற்கு மேலும் ஒரு அடி போயிருந்தாள். சிக்கலில் இருக்கும் கல்லூரியைக் கேட்டால் மட்டும் ‘சொல்லக்கூடாது’ என்றால் கேட்டவன் புரிந்துகொண்டுவிடுவானே! அதனால் நல்ல கல்லூரிக்கும் அதே பதில், மோசமான கல்லூரிக்கும் அதே பதில். ஒரு தடவை ஆணையத்துக்குச் சம்பந்தமே இல்லாத தையல் பள்ளியைப் பற்றி யாரோ கேட்டதற்கும் அதையே சொல்லிவைத்தாள்.

இந்தப் பிடிவாதத்துக்கு ஒரு காரணம் இருந்தது. வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருஷம், தினமும் பஸ்ஸில் பக்கத்தில் உட்காரும் ஒரு டீச்சர், மகளை ஒரு கல்லூரியில் சேர்க்கப் போவதாகச் சொன்னாள். முந்தின நாள்தான் அந்தக் கல்லூரி மீது புகார் வந்திருந்தது. "அங்க மட்டும் வேண்டாம் டீச்சர்" என்று அக்கா சொல்லிவிட்டாள். நாலே வார்த்தை. டீச்சர் பள்ளிக்கூடத்தில் சொல்ல, அது பெற்றோர் காதுக்குப் போக, அந்த வருஷம் கல்லூரியில் பாதி இடம் காலி. புகாரோ பொய். வேலையை விட்டு அனுப்பப்பட்ட ஒருவன் வயிற்றெரிச்சலில் எழுதியது. குறை எதுவும் இல்லை என்று ஆணையம் எழுதியே கொடுத்தது. யார் படித்தார்கள்? மூன்றாம் வருஷம் கல்லூரி மூடிக்கொண்டது. அனுமதியை ஒப்படைக்க வந்த முதல்வர் பிரிவில் ஒவ்வொரு மேசையாகப் பார்த்து, "யார் சொன்னாங்கன்னு மட்டும் தெரிஞ்சா போதும்" என்றார். அக்கா தலையைக் குனிந்து முத்திரை குத்திக்கொண்டிருந்தாள். இது அவளைத் தவிர யாருக்கும் தெரியாது. இப்போது நமக்குத் தெரியும்.

பூட்டு என்ற பெயர் வேடிக்கையாகத்தான் தொடங்கியது. போகப் போக உறவுக்காரர்கள் கேட்பதை விட்டார்கள், கேட்பது நின்றதும் பேசுவதும் குறைந்தது. அலுவலகத்திலும் அதே கதைதான். விஷயம் கசிந்துவிடும் என்று சட்டப் பிரிவுக்காரர்கள் மற்றப் பிரிவோடு டீ குடிக்கப் போவதில்லை. பிரிவில் இருந்த மற்ற மூன்று பேரும் ஆண்கள், இடைவேளை வந்தால் புகைபிடிக்க மொட்டை மாடிக்குப் போய்விடுவார்கள். அக்கா மேசையிலேயே டப்பாவைத் திறந்து சாப்பிடுவாள். கோப்பில் சிந்தாமல் இருக்கப் பழைய காலண்டர் தாளை விரித்துக்கொள்வாள்.

வீடு மூன்றாம் மாடியில், இரண்டு அறை. கல்யாணம் இரண்டு தடவை கூடிவந்து இரண்டு தடவையும் தட்டிப்போனது. அப்பா அம்மா போய் வெகுநாள் ஆகிறது. மிச்சம் இருந்தது தம்பி ஒருவன், ஐந்து மணி நேர ரயில் தூரத்தில். அவன் ஒரு தனியார் கல்லூரியில் பட்டறைப் பயிற்றுநர், மாணவர்களுக்கு லேத் மெஷினில் இரும்பு கடையக் கற்றுக்கொடுப்பவன். ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்குப் போன் செய்வான். அவன் பேசுவான், தம்பி மனைவி பேசுவாள், கடைசியில் பாப்பா பேசுவாள். பாப்பா என்றால் தவழுகிற பாப்பா இல்லை, பதினேழு முடிந்த பெண். ஒன்பது மணிப் போனுக்கு எட்டரைக்கே அக்கா ரேடியோவை அணைத்துவிட்டு நாற்காலியில் வந்து உட்கார்ந்துவிடுவாள். வாரம் முழுக்க அந்த வீட்டில் அவள் குரல் கேட்பது அந்த இருபது நிமிஷம்தான்.

அந்த வருஷம் பாப்பா பள்ளிப் படிப்பை முடித்தாள். இரண்டு இடம் கிடைக்கிற மாதிரி இருந்தது. ஒன்று அப்பா வேலை பார்க்கும் கல்லூரி, வீட்டிலிருந்து சைக்கிளில் பத்து நிமிஷம். இன்னொன்று அக்கா இருக்கும் நகரத்தில். "அங்க சேர்ந்தா அத்தையோட இருந்துக்குவேன்" என்று போனில் சொன்னாள் பாப்பா. தம்பிக்கு அன்றைக்குப் பேச்சு சுரத்தாக இல்லை. கதவில் விரல் நசுங்கி நகம் கறுத்துவிட்டது என்று மட்டும் சொன்னான். மஞ்சள் ஒளி விழும் இரண்டாவது அறையை அக்கா அன்றைக்கே திறந்தாள். கால் உடைந்த நாற்காலி, கட்டுக் கட்டாகப் பழைய செய்தித்தாள், மூடி தொலைந்த வாளிகள் எல்லாவற்றையும் அப்புறப்படுத்தினாள். சனிக்கிழமை ஒரு படிக்கிற மேசை வாங்கினாள். மூன்று மாடி தூக்கி வந்த ஆள் மூச்சு வாங்கிக்கொண்டே, "யாருக்கும்மா?" என்று கேட்டான்.

"அதை நான்..." என்று ஆரம்பித்தவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். "எங்க தம்பி மகளுக்கு."

அடுத்த வாரம், பதினொன்றாம் தேதி, ஒரு ஆய்வு அறிக்கை அவள் மேசைக்கு வந்தது. வருடாந்தர ஆய்வுக்கு முன்கூட்டியே தேதி சொல்லிவிட்டுத்தான் போவார்கள். மூன்று பேர் குழு போய்ப் பார்த்து, எல்லாம் திருப்தி என்று எழுதியிருந்தது. மேலே கல்லூரியின் பெயர் இருக்காது, ஆறு இலக்க எண்தான். ஆள் பார்த்து வேலை செய்யக் கூடாது என்பதற்காக அப்படி ஒரு ஏற்பாடு. பின்னால் பட்டறை இயந்திரங்களின் பட்டியல், ஒவ்வொன்றின் உடம்பிலும் பொறித்த எண்ணோடு. அந்த எண்களை ஆணையத்தில் யாரும் படிப்பதில்லை. அக்கா படிப்பாள். அறிக்கைகளில் வரும் லேத் எண்களை ஒரு நீள நோட்டில் வரிசையாக எழுதிவைப்பது அவளுடைய சொந்தப் பைத்தியம். "அம்மா லேத்துக்கெல்லாம் பிறப்புச் சான்றிதழ் குடுக்குறாங்க" என்று மேலதிகாரி கிண்டல் செய்வார்.

அன்றைக்கு இரண்டாவது எண்ணிலேயே விரல் நின்றுவிட்டது. எங்கேயோ பார்த்த எண். நோட்டைப் புரட்டினாள். எட்டு நாள் முன்பு வேறொரு கல்லூரியில் நடந்த ஆய்விலும் அதே எண். அதற்கடுத்ததும் அப்படியே. ஏழு லேத்தும் அப்படியே. குட்டு இவ்வளவுதான்: குழு வருகிற நாளுக்கு முன்பு லாரியில் மெஷின்களைக் கொண்டுவந்து இறக்கித் தரையோடு போல்ட் போட்டு முடுக்கிவிடுகிறார்கள். குழு போனதும் கழற்றி அடுத்த கல்லூரிக்கு அனுப்பிவிடுகிறார்கள். மாணவர்கள் வருஷம் முழுக்க ஓரத்தில் கிடக்கும் இரண்டு பழைய மெஷினைச் சுற்றி அறுபது பேராக நின்று எட்டிப் பார்க்க வேண்டியதுதான்.

அக்காவுக்குக் கோபம் வந்தது. குறிப்புத் தாளை எடுத்து எண்களை ஒவ்வொன்றாக இறக்கினாள். பட்டறைக்குப் பொறுப்பு யார் என்று பார்க்க ஊழியர் பட்டியலுக்குப் போனாள். நாற்பத்தொன்றாவது வரியில் இருந்தது, பட்டறைப் பயிற்றுநரின் பெயரும் பிறந்த தேதியும். அந்தத் தேதியில் எட்டு வயசுப் பெண்ணாக ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று, துணியில் சுற்றிக் கொண்டுவந்த தம்பியை முதலில் கையில் வாங்கியவள் அவள்.

நோட்டை மூடிவிட்டால் போதும். குழுவே திருப்தி என்று எழுதியாகிவிட்டது, கேட்பதற்கு ஒரு ஈ காக்கை இல்லை. கல்லூரி போனால் தம்பியின் வேலை என்னாவது? ஐம்பது வயசில் யார் அவனைக் கூப்பிட்டு வேலை கொடுப்பார்கள்? டப்பாவைத் திறந்தாள், சாப்பிடாமலே மூடினாள். மூன்றரை மணிவரை பேனா வைத்த இடத்திலேயே இருந்தது. பிறகு அந்த அறுபது பேர் நினைவு வந்தது. அவர்களும் யாரோ ஒரு அக்காவுக்குத் தம்பிகள்தானே என்று நினைத்தாள். நினைத்துவிட்டு எழுதி முடித்தாள், தேதி போட்டாள். இரண்டாவது தாளில், ‘இக்கல்லூரியில் என் உடன்பிறந்த தம்பி பணிபுரிகிறார். இக்கோப்பை வேறொருவரிடம் ஒப்படைக்கக் கேட்டுக்கொள்கிறேன்’ என்று எழுதினாள்.

மேலதிகாரி இரண்டையும் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "முதல் தாளை எழுதாம ரெண்டாவதை மட்டும் குடுத்திருக்கலாமேம்மா. மத்தவன் கண்ணுல இது பட்டே இருக்காது."

"எழுதிட்டேன் சார்."

"தம்பி காதுக்குப் போகக் கூடாது."

"போகாது சார்."

கோப்பு எதிர் மேசைக்காரரின் அலமாரிக்குள் போனது. அதற்கப்புறம் அது எங்கே நிற்கிறது என்று அக்கா கேட்கவில்லை. கேட்க உரிமையும் இல்லை.

இருபதாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, ஒன்பது மணிக்குப் போன் வந்தது. தம்பி குரலைத் தாழ்த்திப் பேசினான்.

"அக்கா, இன்னிக்கு ஒண்ணு கேக்கணும். பூட்டா பேசாம அக்காவா பேசு."

"என்னடா?"

"பாப்பாவை எங்க காலேஜ்ல போடவா, இல்ல உன்கிட்ட அனுப்பவா? எங்க காலேஜ் பத்தி உனக்கு ஏதாவது தெரியுமா?"

‘இங்கே அனுப்பு.’ இரண்டு வார்த்தை. தொண்டைவரை வந்துவிட்டது. திறந்திருந்த கதவு வழியாகப் புது மேசை தெரிந்தது, மேலே பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல். பாப்பாவைக் காப்பாற்றச் சொல்கிறேனா, இந்த வீட்டில் ஒரு ஆள் நடமாட வேண்டும் என்று சொல்கிறேனா? அவளுக்கே தெரியவில்லை. ஒவ்வொரு மேசையாகப் பார்த்துக்கொண்டு நின்ற அந்த முதல்வரின் முகம் வேறு வந்து நின்றது. இப்போதும் கல்லூரி பதில் சொல்லி முடித்திருக்காது. இருபத்தொரு நாள் ஓடிக்கொண்டிருக்கும்.

"அதை நான் சொல்லக்கூடாதுடா."

"தெரியும், இதைத்தான் சொல்லுவே. நீ எல்லாத்துக்கும் இதைத்தானே சொல்லுவே." தம்பி பெருமூச்சு விட்டான்.

அந்தப் பெருமூச்சுதான் அவளைத் தடுமாற வைத்தது. யாருக்கும் சொல்லக்கூடிய ஒன்று இருந்தது. ஒவ்வொரு வருஷமும் ஆணையம் பத்திரிகையில் போடும் அறிவிப்பு. அதைச் சொன்னால் விதியை மீறியதாகாது, இவனும் உஷாராகிவிடுவான் என்று பட்டது.

"இந்த வருஷத்து அனுமதிக் கடிதம் இருக்கான்னு கேட்டுப் பாருடா. யாரா இருந்தாலும் அதைப் பார்த்துட்டுத்தான் சேரணும். நல்லாப் பாரு. புரியுதா? நல்லாப் பாரு."

"சரிக்கா" என்றான்.

போனை வைத்தபோது அவளுக்கு மனசு கொஞ்சம் லேசாக இருந்தது. எப்படியோ சொல்லிவிட்டோம் என்று நினைத்தாள்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம், வழக்கமில்லாத நேரத்தில் தம்பி கூப்பிட்டான். குரலில் அவ்வளவு சந்தோஷம்.

"அக்கா, பார்த்துட்டேன்! முதல்வர் ரூம்லயே கண்ணாடி போட்டு மாட்டியிருக்காங்க. இந்த வருஷம் முழுக்கச் செல்லும்னு உங்க ஆபீஸ் முத்திரையோட இருக்கு. நீ நேரா சொல்லமாட்டேன்னு தெரியும். கடிதத்தைப் பாருன்னு சொன்னே பாரு, அதுலயே புரிஞ்சுக்கிட்டேன். இன்னிக்கே பாப்பாவுக்குச் சேர்க்கை போட்டாச்சு."

விளக்கம் கேட்டுக் கடிதம் போனாலும், விசாரணை நடந்தாலும், உத்தரவு வரும்வரை பழைய அனுமதி செல்லும். இது ஆணையத்தில் நேற்று வேலைக்குச் சேர்ந்தவருக்கும் தெரிந்த பாடம். ‘நோட்டீஸ் என்பது தீர்ப்பல்ல’ என்று அவளே எத்தனை கோப்பில் எழுதியிருக்கிறாள்! ஊருக்கெல்லாம் சட்டம் பார்த்துச் சொன்னவள் தன் தம்பிக்கு ஓட்டைக் குடத்தைக் கொடுத்து அனுப்பிவிட்டாள். அவன் அதில் தண்ணீர் நிரம்பிவிட்டது என்று வந்து சந்தோஷப்படுகிறான்.

"பாப்பாகிட்ட குடு" என்றாள்.

"அத்தை, எனக்காக மேசையெல்லாம் வாங்கினீங்களாமே. அம்மா சொன்னாங்க. சாரி அத்தை."

"மேசைக்கென்ன, நான் உக்காந்து எழுதிக்குவேன். நீ நல்லாப் படி."

மேசையின் உறையை அவள் பிரிக்கவேயில்லை.

கல்லூரி இருபத்தோராம் நாள் பதில் எழுதியது. எண்கள் தட்டச்சுப் பிழையாம். நல்ல சப்பைக்கட்டு. ஆணையம் இந்தத் தடவை சொல்லாமல் ஒரு குழுவை அனுப்பியது. பட்டறையில் மெஷின் இருக்க வேண்டிய இடத்தில் தரையும், தரையில் வரிசையாகப் போல்ட் ஓட்டைகளும்தான் இருந்தன. பிறகு நேர் விசாரணை, அதற்கு இரண்டு முறை தேதி மாற்றம். ஐந்தாம் மாதம் உத்தரவு வெளியானது. மற்றவர்களைப் போலவே அக்காவும் அதை அறிவிப்புப் பலகையில்தான் பார்த்தாள். புதுச் சேர்க்கை நிறுத்தம். இந்த வருஷம் சேர்ந்த மாணவர்களை வருஷம் வீணாகாமல் வேறு கல்லூரிகளுக்கு மாற்ற வேண்டும். அந்த இரண்டாவது வரியைப் பதினொரு வருஷம் முன்பு விதிகளில் சேர்க்கச் சொல்லி எழுதிக் கொடுத்தவளே அக்காதான். அப்போது பாப்பாவுக்கு ஆறு வயசு.

மறுநாள் தம்பி அலுவலகத்துக்கே போன் செய்தான். அப்படி அவன் செய்ததே கிடையாது.

"உத்தரவைப் படிச்சேன். உள்ள தேதி போட்டிருக்கு. பதினொண்ணாம் தேதி, சட்டப் பிரிவுக் குறிப்புன்னு. நான் உன்கிட்ட கேட்டது இருபதாம் தேதி."

அக்கா போனை மறு காதுக்கு மாற்றினாள்.

"உங்க பிரிவுல யாரு எழுதினது?"

உத்தரவு வெளியாகிவிட்டது. இனிமேல் சொல்லலாம். "நான்தான்டா எழுதினேன்."

"சரி" என்று வைத்துவிட்டான். கத்தியிருந்தால்கூடத் தேவலை.

அந்த ஞாயிற்றுக்கிழமை போன் வரவில்லை. அடுத்த ஞாயிறும் வரவில்லை. அக்கா கூப்பிட்டால் தம்பி மனைவி எடுத்து, "அவரு வெளிய போயிருக்காரு அண்ணி" என்பாள், பின்னால் அவன் இருமுவது கேட்கும். அப்படியும் அக்கா எட்டரைக்கு ரேடியோவை அணைத்துவிட்டு நாற்காலியில் உட்காருவதை விடவில்லை. பத்து மணிக்கு எழுந்து துணி துவைப்பாள். தப்புச் செய்யாமல் இருந்ததற்கே இப்படி ஒரு தண்டனையா என்று ஒரு ஞாயிறு அழுகை வந்தது. அழுவதைப் பார்க்க ஆள் இல்லாததால் சீக்கிரமே நின்றும்விட்டது.

எட்டாவது ஞாயிறு ஒன்பதே காலுக்கு அழைப்பு மணி அடித்தது, போன் இல்லை, வாசல் மணி. திறந்தால் பாப்பா நிற்கிறாள், முதுகில் பையோடு, கையில் ஒரு படிவத்தோடு.

"இந்த ஊர்க் காலேஜுக்கு மாத்திட்டாங்க அத்தை. மூணு வாரமாச்சு. ஹாஸ்டல்ல இருக்கேன். உள்ளூர்ல பொறுப்பாளர் ஒருத்தர் கையெழுத்து வேணுமாம்."

மூன்று வாரம்! இதே ஊரில், பஸ்ஸில் அரை மணி தூரத்தில். "அப்பாவுக்குத் தெரியுமா?"

"ஐயோ, தெரியாது. உங்க பேச்செடுத்தாலே எழுந்து போயிடுறாரு."

உறவுமுறை என்ற கட்டத்தில் ‘அத்தை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். பேனாவை மூடிவிட்டு, "நான் சொல்லியிருக்கணும் பாப்பா" என்றாள்.

"உங்களாலதான் முடியாதே அத்தை."

"முடியாம இல்ல. சொல்லல. சொல்லாததுகூடப் போகட்டும். அந்தக் கடிதத்தைப் பாருன்னு சொன்னேனே, அது என் தப்பு. அது செல்லும்னு எனக்குத் தெரியும். பதட்டத்துல தோணல."

பாப்பா கொஞ்ச நேரம் படிவத்தை மடித்துக்கொண்டே இருந்தாள். "அத்தை, ஒண்ணு சொல்லவா? அப்பாவுக்கும் தெரியும்."

"என்ன தெரியும்?"

"லாரியில மெஷின் வந்தப்ப போல்ட் முடுக்கினதே அப்பாதான். ரெண்டு வருஷமா. அன்னிக்கு மெஷின் காலடியிலதான் விரல் மாட்டியிருக்கு. எங்ககிட்ட கதவுல நசுங்கிச்சுன்னு சொன்னாரு. போன மாசம் அம்மாகிட்ட சொல்லி அழுதாரு, நான் கேட்டுட்டேன். உங்ககிட்ட சொன்னா உங்க வேலைக்குச் சங்கடம்னு சொல்லலையாம். பயந்துக்கிட்டுத்தான் அன்னிக்கு உங்களைக் கேட்டிருக்காரு. நீங்க வேண்டாம்னு சொல்லிடுவீங்கன்னு நினைச்சாராம். கடிதத்தைப் பாருன்னதும், உங்க ஆபீஸ் கண்ணுல எதுவும் படலைன்னு நிம்மதியாயிட்டாராம்."

போனின் அந்த முனையில் அவன், இந்த முனையில் இவள். இரண்டு பேர் வாயிலும் ஒரே சேதி, இரண்டு பேரும் அதை விழுங்கிக்கொண்டு கடிதத்தைப் பற்றிப் பேசியிருக்கிறார்கள். "அடப் பாவி" என்றாள். சிரிப்பா அழுகையா என்று தெரியாமல் ஒன்று வந்தது. அவன் மேல் கோபம் வர வேண்டும். வரவில்லை. கறுத்த நகத்தோடு அவன் போனைப் பிடித்திருந்ததுதான் கண்ணில் நின்றது.

பாப்பா மத்தியானம் வரை இருந்து, சாப்பிட்டு, மேசையின் பிளாஸ்டிக் உறையை அவளே கிழித்துப் போட்டுவிட்டு உட்கார்ந்து படம் வரைந்தாள். கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள்: "நான் வந்ததை அப்பாகிட்ட சொல்லிடாதீங்க அத்தை. அம்மாகிட்டயும்."

"சொல்லமாட்டேன்."

"உங்ககிட்ட போய்ச் சொல்றேன் பாருங்க!" என்று சிரித்துக்கொண்டே படியிறங்கினாள்.

அதற்கப்புறம் ஞாயிறுதோறும் வந்தாள். காலையில் வருவாள், மாலை ஐந்துக்குள் ஹாஸ்டலுக்குத் திரும்பிவிடுவாள். மிச்சம் ஆறு நாளும் வீடு பழையபடிதான். நாலாவது ஞாயிறு, அவள் உள்ளே வரைந்துகொண்டிருந்தபோது ஒன்பது அடித்துப் பத்து நிமிஷத்துக்குப் போன் வந்தது.

"நான்தான்" என்றான் தம்பி.

ஏறத்தாழ மூன்று மாதம் கழித்து அந்தக் குரல். அக்காவுக்குக் கால் தரையில் பாவவில்லை. "சொல்லுடா" என்றாள்.

அவன் ஒரே மூச்சில் கேட்டான். "ஹாஸ்டல்ல விசாரிச்சேன். ஞாயித்துக்கிழமை ஆனா பாப்பா காலையிலயே எங்கயோ கிளம்பிடுறாளாம். உன்கிட்டயா வர்றா?"

பாப்பா அறை வாசலுக்கு வந்து நின்றாள், கையில் பென்சில். வேண்டாம் வேண்டாம் என்று தலையாட்டினாள். அக்கா அவளைப் பார்த்தாள். இந்தப் பக்கம் கொடுத்த வாக்கு, அந்தப் பக்கம் மூன்று மாதம் கழித்துக் கேட்ட குரல். இந்தப் போனை இவன் மறுபடி வைத்துவிட்டால் இனி எப்போது எடுப்பானோ!

"அதை நான் சொல்லக்கூடாதுடா" என்றாள். கடைசி வார்த்தை உடைந்துவிட்டது.

வைத்துவிட்டான் என்றே நினைத்தாள். பிறகு மூக்கை உறிஞ்சுகிற ஒலி கேட்டது.

"சரிக்கா" என்றான். "அவளுக்கு வெளிச்சம் இடது பக்கத்துலேர்ந்து வரணும். இல்லன்னா கண்ணு வலிக்குதும்பா. மேசையை ஜன்னலுக்கு வாகாத் திருப்பிப் போடு."

அவ்வளவுதான், வைத்துவிட்டான். அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

"எழுந்திரு பாப்பா. அந்தப் பக்கத்தைப் பிடி."